அறுபது துண்டு, ஒரு மேசை, வாய் திறக்காத இருபது நிமிடம்

எங்கள் ஊர்க் கூட்டங்களில் யோசனைக்குப் பஞ்சம் இருந்ததில்லை. சனசமூக நிலையமோ, பழைய மாணவர் சங்கமோ, கோயில் திருப்பணிச் சபையோ, "என்ன செய்யலாம், சொல்லுங்கோ" என்று கேட்டால் போதும். செயலாளர் கொப்பியில் ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கமிட்டு எழுதிக்கொண்டே போவார். நாற்பதாவது இலக்கத்தில் பிளேன்ரீ வந்துவிடும். அதோடு சரி. அடுத்த கூட்டத்தில் சென்ற கூட்ட அறிக்கை வாசிக்கும்போது அந்த நாற்பதும் ஒரே மூச்சில் வாசிக்கப்படும். ஒருவர் முன்மொழிய, இன்னொருவர் வழிமொழிய, அறிக்கை ஏற்றுக்கொள்ளப்படும். யோசனைகள் கொப்பிக்குள்ளேயே படுத்துவிடும்.

அந்த நாற்பதையும் எப்படிக் கூட்டமாக இருந்து வகைப்படுத்துவது என்றுதான் இங்கே சொல்லப்போகிறேன். நான் பாடசாலை நூலகராக இருந்து ஓய்வுபெற்றவள். பொருட்களை வகைப்படுத்துவதுதான் என் தொழில். ஆனால் நூலகத்தில் செய்ததற்கு நேர் எதிரான வேலை இது.

நூலகத்தில் வகைகள் முதலிலேயே இருக்கும். மெல்வில் தூயி 1876இல் வெளியிட்ட தசமப் பகுப்பில் 000 முதல் 900 வரை பத்துப் பெரும் வகுப்புகள். புதுப் புத்தகம் வந்தால் அது எந்த எண்ணுக்குள் போகும் என்று பார்த்து முதுகில் ஒட்டவேண்டும். அங்கே அதுதான் சரி, ஏனென்றால் எந்த ஊர் நூலகத்துக்குப் போனாலும் பிள்ளை அதே எண்ணில் தேடும். ஆனால் அந்த முறையிலும் ஒரு சங்கடம் உண்டு. கிணற்றுத் தண்ணீரைப் பற்றி ஒரு புத்தகம் வருகிறது என்று வையுங்கள். குடிநீர் வழங்கலைப் பற்றி என்றால் 628.1. நிலத்தடி நீரின் புவியியல் என்றால் 551.49. தோட்டத்துக்கு நீரைச் சேமிப்பது என்றால் 631.7. ஒரே கிணறு மூன்று அலுமாரியில் இருக்கும். எதற்காகக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து அதன் இடம் மாறுகிறது.

கூட்டத்துக்கு வருகிற யோசனைகளும் இப்படித்தான். "கட்டடம், நூல்கள், விளையாட்டு, நிர்வாகம், நிதி" என்று ஐந்து தலைப்பைப் பலகையில் எழுதிவிட்டு அதற்குள் யோசனைகளைப் போடச் சொன்னால் அழகாகப் போட்டுவிடுவார்கள். ஆனால் புதிதாக ஒன்றும் தெரியவராது. ஒவ்வொரு யோசனையையும் ஒரு தாள் துண்டில் எழுதி, முதலில் அந்தத் துண்டுகள் தாமாக ஒன்றுசேரவேண்டும், தலைப்பு அதற்குப் பிறகு. இதைச் சொன்னவர் ஜிரோ கவாகிதா என்ற ஜப்பானிய மானிடவியலாளர். நேபாள மலைக் கிராமங்களில் கள ஆய்வு செய்தவர். கை நிறையக் குறிப்புகளோடு திரும்பி, அவற்றை எப்படி ஒழுங்குபடுத்துவது என்று யோசித்து உருவாக்கிய வழி 1960களில் பரவியது. ஜப்பானில் குடும்பப் பெயர் முன்னே வரும் என்பதால் அதற்குக் கே.ஜே. முறை என்று பெயர். பின்னர் நேபாளக் கிராம மக்களோடு சேர்ந்து குடிநீர் வசதியும், பள்ளத்தாக்குகளைத் தாண்டிப் பொருள் கொண்டுபோகும் கம்பிவடமும் அமைத்ததற்காக 1984இல் அவருக்கு ரமொன் மக்சேசே விருது கிடைத்தது. ஆகவே இதைக் கம்பனிக்காரரின் விளையாட்டு என்று நினைத்து ஒதுக்கவேண்டாம். கிராமத்து ஆட்களோடு வேலை செய்த ஒருவரின் கையில் வளர்ந்தது இது.

என்னென்ன வேண்டும்

ஒட்டும் மஞ்சள் துண்டு கட்டாயம் இல்லை. அது அமெரிக்கக் கடைகளுக்குப் பரவலாக வந்ததே 1980இல்தான். அதோடு எங்கள் வாசிகசாலைகளின் சுண்ணாம்புச் சுவரில் அது நிற்காது. ஒரு பக்கம் அச்சடித்த பழைய ஏ4 தாளை நான்காக வெட்டினால் போதும். நீல மாக்கர் பேனை சில, டிமை பேப்பர் என்கிற பெரிய தாள் ஐந்தாறு, நல்ல பெரிய மேசை. ஒரே மேசை இல்லாவிட்டால் சின்ன மேசைகளைச் சேர்த்துப் போடுங்கள். நிலத்தில் விரித்தால் இடம் தாராளம், ஆனால் வயதான ஆட்கள் குனியமாட்டார்கள். கடைசியில் பெடியள் மட்டும் செய்த வேலையாகப் போய்விடும்.

மின்விசிறியை நிறுத்துங்கள். சோளகம் வீசுகிற மாதங்களில் காற்று வருகிற பக்கத்து யன்னலையும் சாத்துங்கள். வியர்க்கும்தான், பரவாயில்லை.

மேசையைச் சுற்றிக் கதிரை போடவேண்டாம். இது சின்ன விஷயம் போலத் தெரியும். ஒருவர் கதிரையில் இருந்து மற்றவர்கள் நின்றால், இருப்பவர் தலைவராகிவிடுவார். அவர் கைகாட்ட மற்றவர்கள் துண்டை நகர்த்துவார்கள். நிற்க ஏலாதவர்களுக்குச் சுவரோரம் கதிரை இருக்கட்டும், வேண்டியபோது எழும்பி வந்து பார்க்கலாம்.

கேள்வியும் துண்டும்

எங்கள் பக்கத்து உதாரணம் ஒன்றையே கொண்டுபோகிறேன். யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒரு வாசிகசாலை. பத்திரிகை வரும், காலையில் நான்கு முதியவர்கள் வருவார்கள், பின்னேரம் முன் விறாந்தையில் கரம் போட் நடக்கும். புத்தக அலுமாரி பூட்டியபடி. "வாசிகசாலை அபிவிருத்தி" என்று கேள்வி போட்டால் அபிவிருத்தி என்ற சொல்லுக்கு ஏற்ற பதில்தான் வரும், அதாவது மேல்மாடி. "பின்னேரம் 4 மணிக்குப் பிறகு ஊர்ப் பிள்ளைகள் இங்கே வருவதற்கு என்ன செய்யலாம், வராமல் இருப்பது ஏன்?" என்று ஒரு முழு வாக்கியமாக டிமையில் எழுதி மேலே ஒட்டுங்கள். வகைப்படுத்தும்போது தடுமாறினால் அண்ணாந்து பார்க்க அது வேண்டும்.

பிறகு ஆளுக்கு ஐந்து துண்டு. பன்னிரண்டு பேர் இருந்தால் அறுபது துண்டு, ஒரு மேசைக்கு அளவான தொகை. நூறைத் தாண்டினால் களைத்துப்போவார்கள். பத்து நிமிடம் தனித்தனியே எழுதட்டும். ஒரு துண்டில் ஒரு விஷயம்தான். "லைற்றும் போடவேணும், நாயையும் பிடிக்கவேணும்" என்று வந்தால் இரண்டாக்குங்கள். ஒற்றைச் சொல்லில் எழுதவிடாதீர்கள். "தண்ணீர்" என்று ஒரு துண்டு மேசையில் கிடந்தால் அதை எங்கே வைப்பது? குடிக்கத் தண்ணீர் இல்லையா, மழைக்கு உள்ளே ஒழுகுகிறதா, கழிப்பறைக்கு வாளி இல்லையா? கூட்டத்துக்கு வராத ஒருவர் எடுத்து வாசித்தாலும் விளங்கவேண்டும். அதுதான் அளவு.

எழுதும் நேரத்தில் யாரையும் குறை சொல்லக்கூடாது என்பது அலெக்ஸ் ஒஸ்போர்ன் என்ற அமெரிக்க விளம்பரக்காரர் காலத்திலிருந்தே சொல்லப்படுகிற விதி. எங்கள் ஊரில் இன்னொரு விதியும் வேண்டும், அது எந்தக் கைநூலிலும் இருக்காது. இங்கே எல்லாருக்கும் எல்லாருடைய கையெழுத்தும் தெரியும். "இது இன்னாரின்ரை எழுத்தெல்லோ" என்று ஒரு பார்வை போதும், அந்தத் துண்டின் கதை முடிந்தது. ஆகவே எழுதிய துண்டுகளை ஒரு பெட்டியில் போட்டுக் கலக்கி, உயர்தரம் படிக்கிற இரண்டு பிள்ளைகளிடம் கொடுத்து, ஒரே பேனையால் புதுத் துண்டில் பெரிதாகப் பிரதி எடுக்கச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் மற்றவர்களுக்குப் பிளேன்ரீ கொடுக்கலாம். பிரதி எடுப்பவர்கள் சொல்லை மாற்றக்கூடாது. பேச்சுத்தமிழில் எழுதியிருந்தால் அப்படியே இருக்கட்டும்.

வெளிநாட்டில் இருக்கிற ஊர்ச் சங்கத்தாரும் யோசனை சொல்வார்கள், சொல்லவும் வேண்டும். ஞாயிறு பின்னேரம் 6 மணிக்கு இங்கே கூடினால், கோடை காலத்தில் லண்டனில் மதியம் 1.30, ரொறன்ரோவில் காலை 8.30. ஆனால் வட்ஸ்அப்பில் நேரடியாக இணைத்தால் மேசையைச் சுற்றி நிற்பவர்கள் வேலையை விட்டுவிட்டுத் தொலைபேசிக்குப் பதில் சொல்லிக்கொண்டு நிற்பார்கள். முதல் நாளே குரல்பதிவாக அனுப்பச் சொல்லி, அவர்களுக்கும் ஆளுக்கு ஐந்து துண்டு என்று அதே பேனையால் எழுதிக் கலந்துவிடுங்கள். காசு அனுப்புகிறவருக்கு ஆறாவது துண்டு கிடையாது.

வாய் திறக்காமல் சேர்ப்பது

முதலில் எல்லாத் துண்டையும் மேசையில் பரப்புங்கள், வரிசையாக அல்ல, இறைத்தபடி. ஒருவர் ஒவ்வொன்றையும் ஒருமுறை உரத்து வாசிக்கட்டும். விளங்காவிட்டால் "இது என்ன கருத்து?" என்று கேட்கலாம். "இது சரிவராது" என்று சொல்லமுடியாது.

இனிப் பேச்சு நிற்கவேண்டும். ஐந்தாறு பேராக மேசைக்கு வாருங்கள், மற்றவர்கள் பின்னால் நின்று பார்க்கட்டும், பிறகு மாறுங்கள். எல்லாருக்குமாக இருபது நிமிடம் போதும். செய்யவேண்டியது இவ்வளவுதான்: ஒன்றுக்கொன்று சொந்தம் போலத் தெரிகிற இரண்டு துண்டை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஏன் என்று சொல்லவேண்டாம். மூன்றாவது ஒன்று அதோடு சேர்கிறதா பாருங்கள். பெரிய குவியலாக்க அவசரப்படவேண்டாம், இரண்டும் மூன்றுமாகத்தான் தொடங்கவேண்டும். எடுத்த எடுப்பில் மேசையை நான்கு மூலையாகப் பிரிக்கிறவர் மனதில் தலைப்பைத் தயாராக வைத்திருக்கிறார் என்று அர்த்தம்.

ஏன் பேசக்கூடாது? ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் மேசையில் நின்று "இது கல்விக்குள்ளை வரும்" என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் யார் கதைப்பார்கள்? அவரிடம் படித்தவர்கள்தானே பாதிப்பேர். "ஓம் மாஸ்ரர்" என்று சொல்லிவிட்டுத் துண்டை அங்கே வைப்பார்கள். பதினேழு வயதுப் பிள்ளை வாயால் ஒருநாளும் மறுக்காது. ஆனால் எல்லாரும் மௌனமாக நிற்கும்போது அதே பிள்ளை கையை நீட்டி அந்தத் துண்டை எடுத்து வேறோர் இடத்தில் வைக்கும், நான் பார்த்திருக்கிறேன். மாஸ்ரரும் கண்ணாடியைச் சரிசெய்து, அது ஏன் அங்கே போனது என்று யோசிப்பார். மரியாதை நல்ல விஷயம்தான். அந்த இருபது நிமிடத்துக்கு மட்டும் செருப்போடு வாசலில் நிற்கட்டும்.

ஒரே துண்டை இரண்டு பேர் மாறி மாறி இழுப்பார்கள். மூன்றாவது தரமும் இடம் மாறினால் அதைப் பிரதி எடுத்து இரண்டு இடத்திலும் வையுங்கள், சண்டை முடிந்தது.

கவனிக்கவேண்டிய பொறி ஒன்று உண்டு. ஒரே சொல் வந்தால் ஒரே குவியல் என்று கை தானாகப் போகும். "புத்தகம் எல்லாம் பழசு" என்று ஒரு துண்டு, "புத்தகம் கொண்டுபோன ஆக்கள் திருப்பித் தாறேல்லை" என்று இன்னொன்று. இரண்டிலும் புத்தகம் இருக்கிறது. முதலாவது வாங்குவதைப் பற்றியது. இரண்டாவது அலுமாரி ஏன் பூட்டியிருக்கிறது என்பதைப் பற்றியது. அது "திறப்பு ஒராளிட்டைதான் இருக்கு" என்ற துண்டுக்குத்தான் கிட்டிய உறவு. வேலை தொடங்கமுன்பே இந்த மாதிரி ஓர் உதாரணத்தைக் காட்டிவிடுவது நல்லது.

இப்போது பயனைப் பாருங்கள். அந்த வாசிகசாலைக் கேள்விக்கு வரக்கூடிய துண்டுகளில் சில இவை. "வாசல் லைற் எரியிறேல்லை." "ரியூசன் முடிஞ்சு வாற நேரம் பூட்டிக்கிடக்கு." "ஒழுங்கை முகப்பிலை நாய் துரத்துது." "கழிப்பறைக் கதவுக்குக் கொண்டி இல்லை." "கரம் போட்டைச் சுத்திப் பெடியள் நிக்கினம், உள்ளுக்குப் போகக் கூச்சம்." "ஆறு மணிக்குப் பிறகு அம்மா விடமாட்டா."

பழைய ஐந்து தலைப்பு இருந்திருந்தால் லைற்றும் கொண்டியும் கட்டடத்துக்குள் போயிருக்கும். பூட்டு நிர்வாகத்துக்கு. கரம் போட் விளையாட்டுக்கு. நாய்க்கு இடம் இல்லை, சிரித்துவிட்டு விட்டிருப்பார்கள். அம்மாவும் அப்படித்தான், "அது வீட்டுப் பிரச்சினை." ஆறும் சிதறிப்போயிருக்கும். மௌனமாகச் சேர்த்தால், அதுவும் இரண்டு பெண்பிள்ளைகள் மேசையில் நின்றால், இவை ஆறும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்து நிற்கும். யாரும் அதற்குப் பெயர் சொல்லாமலே எல்லாருக்கும் விளங்கும். கட்டடத் தலைப்பின்கீழ் அந்த லைற் மேல்மாடிக்குப் பின்னால் வரிசையில் நின்றிருக்கும், காசு சேரும்வரை. இங்கே அது ஒரு பல்ப், ஒரு கொண்டி, ஒரு மாற்றுத் திறப்பு. அடுத்த கிழமையே செய்து முடிக்கக்கூடிய வேலை.

தலைப்பு வைப்பது

இனிப் பேசலாம். குவியல் குவியலாக எடுத்து வாசித்து, "இவை எல்லாம் சேர்ந்து எங்களுக்கு என்ன சொல்கின்றன?" என்று கேளுங்கள். பதில் ஒரு வாக்கியமாக வரவேண்டும். "பாதுகாப்பு" என்று ஒரு சொல்லை எழுதினால் காவலாளி போடலாமா, கமரா போடலாமா என்று பேச்சுப் போய்விடும். "பொழுதுபட்ட பிறகு பெண்பிள்ளைகள் பயமும் கூச்சமும் இல்லாமல் வந்துபோக ஏலவேணும்" என்று எழுதினால் அடுத்து என்ன செய்வது என்பது பாதி அதிலேயே இருக்கிறது. வேறு நிறப் பேனையால் எழுதிக் குவியலுக்கு மேலே வையுங்கள். கட்டடம், கல்வி, அபிவிருத்தி, விழிப்புணர்வு போன்ற சொற்கள் தலைப்பில் தனியே வந்தால் நான் விடமாட்டேன். பிரதேச செயலகத்துக்குப் படிவம் நிரப்பும்போது அந்தச் சொற்கள் தேவைப்படும், அப்போது போட்டுக்கொள்ளலாம். துண்டுகள் சேரமுன் தலைப்புப் போடுவது பிள்ளை பிறக்கமுன் பேர் வைத்துச் சாதகம் எழுதுகிற வேலை.

தலைப்பு எழுதுகையில் ஒரு துண்டு பொருந்தாமல் உறுத்தும். அதை வெளியே எடுங்கள். வாக்கியத்தை அகலமாக்கி அதையும் உள்ளே இழுக்கப்போனால் வாக்கியம் ஒன்றும் சொல்லாமல் போய்விடும்.

ஒரு குவியல் பன்னிரண்டைத் தாண்டினால் உள்ளே இரண்டு விஷயம் இருக்கிறது, பிரித்துப் பாருங்கள். அறுபது துண்டுக்கு ஆறேழு குவியல் வருவது வழக்கம். ஆனால் அதைக் கணக்காக வைத்துக்கொண்டு நெருக்கவேண்டாம்.

எங்கும் சேராமல் தனியே நிற்கிற துண்டுகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். எங்கள் ஆட்களுக்கு மேசை துப்பரவாக இருக்கவேண்டும், ஆகவே மிச்சம் எல்லாவற்றையும் கூட்டி அள்ளி "ஏனையவை" என்று ஒரு தலைப்புப் போடுவார்கள். கூட்ட நிகழ்ச்சிநிரலின் கடைசியில் வருகிற "ஏனைய விடயங்கள்" பழக்கம் அது. அதற்குள் போனது திரும்பி வராது. தனிக்கட்டை தனிக்கட்டையாகவே நிற்கட்டும். "கண் தெரியாத அப்புவுக்குப் பேப்பர் வாசிச்சுக் காட்ட ஆள் வேணும்" என்று ஒரே ஒரு துண்டு எதனோடும் சேராமல் நிற்கும். அதற்கு ஒரு மேசை மூலையைக் கொடுத்து, மற்றத் தலைப்புகளோடு சமமாக அதையும் வாசியுங்கள். ஒருவர்தான் எழுதினார் என்பதால் அது சின்ன விஷயம் ஆகிவிடாது.

பிறகு குவியல்களை ஒன்றுக்கொன்று கிட்டவும் தூரவும் நகர்த்தி டிமையில் ஒட்டி, எது எதற்குக் காரணம் என்று அம்புக்குறி போடுங்கள். "புத்தகம் திரும்பி வருவதில்லை" என்ற குவியலிலிருந்து "அலுமாரி பூட்டியிருக்கிறது" என்பதற்கு ஓர் அம்பு. அங்கிருந்து "படிக்கிற பிள்ளை வருவதில்லை" என்பதற்கு இன்னொன்று. நிறைய அம்பு புறப்படுகிற குவியலில் கை வைத்தால் மற்றவை இளகும். அம்புகள் சிக்கலாகிவிட்டால் முக்கியமான நான்கைந்தை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை அழித்துவிடலாம்.

எதை முதலில் செய்வது என்பது வேறு வேலை, அதை வகைப்படுத்துவதோடு கலக்கவேண்டாம். ஆளுக்கு மூன்று புளியங்கொட்டை கொடுத்து, விரும்பிய தலைப்பின்மேல் வைக்கச் சொல்லுங்கள். மூன்றையும் ஒன்றிலேயே வைக்கலாம். தலைவரும் செயலாளரும் கடைசியாக வைக்கவேண்டும், அவர்கள் முதலில் வைத்தால் மிச்சக் கொட்டையும் அங்கேதான் விழும். இரண்டு தலைப்புச் சமமாக வந்தால் செலவு குறைந்ததை முதலில் எடுங்கள்.

ஊரில் கூட வழியில்லாமல் சூமில் மட்டும் செய்வதென்றால் கூகுள் ஷீற் போதும். ஒரு நிரலில் யோசனை, பக்கத்து நிரலில் குவியல் எழுத்து, அ, ஆ, இ என்று. எல்லாரும் மைக்கை மூடிவிட்டு எழுத்தைப் போடட்டும். மேசையில் நிற்கிற அளவுக்கு வராது, துண்டுகள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்கிற மாதிரி வரிகள் பார்த்துக்கொள்ளமாட்டா. இருந்தாலும் ஒன்றும் செய்யாமல் விடுவதைவிட நல்லது.

கடைசியாக, மின்விசிறியைப் போடமுன் படம் எடுங்கள். முழு டிமையை ஒன்று, ஒவ்வொரு குவியலையும் துண்டு வாசிக்கக்கூடியதாகக் கிட்ட நின்று ஒன்று. அறிக்கை எழுதும்போது செயலாளர் தலைப்பு வாக்கியத்தை எழுதி அதன்கீழ் துண்டுகளை உள்ளது உள்ளபடி எழுதவேண்டும், சுருக்கக்கூடாது. முதலாவதாக வந்த தலைப்புக்கு அங்கேயே இரண்டு பேரின் பெயரும் ஒரு திகதியும் போடுங்கள். துண்டுகளைக் குவியல் வாரியாகக் கடித உறைகளில் போட்டு, உறையின் மேலே தலைப்பை எழுதி, எல்லாரும் எடுக்கக்கூடிய இடத்தில் வையுங்கள். அடுத்த கூட்டத்தில் யாராவது புது யோசனை சொன்னால் அதையும் ஒரு துண்டில் எழுதி உறைகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றுக்குள்ளும் போகாவிட்டால் புதிதாக ஓர் உறை எடுங்கள்.